கட்டிடக்கலையை விட்டவர், கட்டிடங்களை விடாதவர்!

கொலாபா பக்கம் ஏதாவது வேலையாகப் போகிறவர்கள், ரீகல் சினிமாவுக்கு அருகே இருக்கும் கபே மோன்டேகர் ஓட்டலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். சாப்பிடுவதற்காக அல்ல. அங்கே விலை நம் சட்டைப் பைக்குக் கொஞ்சம் எட்டாததுதான். பார்க்க வேண்டியது அந்த ஓட்டலின் சுவரை!

சுவர் முழுவதும் படங்கள். ஒரு பக்கத்தில் பம்பாய் நகர வாழ்க்கை. எதிர்ப் பக்கத்தில் அதே ஓட்டலில் வந்து உட்காருகிறவர்களின் கலகலப்பு. கூட்டமோ கூட்டம்! உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு, சுவரில் இருப்பவர்களும் பக்கத்து மேஜைக்காரர்களாகவே தோன்றுவார்கள்.

இந்தச் சித்திரங்களை உருவாக்கியவர் மரியோ மிராண்டா. 1995-ல் மும்பை என்று பெயர் மாறிய இந்த நகரத்தை, அது பம்பாயாக இருந்த காலத்திலேயே பேனாவும் மையும் கொண்டு வரைந்து வைத்தவர். கட்டிடம் என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. தெரு என்றால் அதைவிட ஆசை. இத்தனைக்கும், கட்டிடக்கலை படிக்கப் போய், பிடிக்காமல் பாதியில் விட்டுவிட்டு வந்தவர் அவர் என்பதுதான் வேடிக்கை!

ஊர் விட்டு ஊர் வந்து, ஆபீசிலும் ஆலையிலும் பட்டறையிலும் உழைத்துக்கொண்டு, இந்த நகரத்தைத் தினமும் கடந்து போகிறோம் நாம். அதை நின்று பார்த்தவர் ஒருவரின் கதை இது.

சுவரில் கிறுக்கிய பையன்

மரியோ பிறந்தது 1926-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி. பிறந்த இடம் டாமன். அந்தக் காலத்தில் டாமனும் கோவாவும் போர்ச்சுக்கீசியர் ஆட்சியில் இருந்தன. குடும்பத்துக்குச் சொந்த ஊர் கோவாவில் உள்ள லூட்டோலிம் கிராமம்.

சிறு வயதிலேயே பையனுக்கு வரைவதில் மோகம். வீட்டுச் சுவர்தான் காகிதம். சுவர் பாழாவதைப் பார்த்த தாயார், எழுதாத நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பையன் அதற்கு "டைரி" என்று பெயர் வைத்தான். மற்றவர்கள் டைரியில் எழுதுவார்கள். இவன் டைரியில் வரைந்தான்!

பள்ளிப் படிப்பு பெங்களூர் செயின்ட் ஜோசப் பள்ளியில். பாதிரியார்களைப் படமாக வரைந்து மாட்டிக்கொண்டதும் உண்டு. ஆனாலும் கை நிற்கவில்லை.

வாலிப வயதிலும் அந்த டைரிப் பழக்கம் தொடர்ந்தது. அன்றன்று கண்டதை அன்றன்றே வரைந்துவிடுவார். 1949, 1950, 1951-ம் ஆண்டுகளின் டைரிகள் பிற்காலத்தில் தனித்தனிப் புத்தகங்களாகவே வெளிவந்தன. 70 ஆண்டுகளுக்கு முன் கோவாவிலும் பம்பாயிலும் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய விரும்புகிறவர்களுக்கு அவை இன்று பெரிய ஆதாரம். வரையும்போது அந்த இளைஞர் ஆதாரத்தைப் பற்றியா நினைத்திருப்பார்?

பாதியில் நின்ற படிப்பு

பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரியில் வரலாறு எடுத்து பி.ஏ. பட்டம் பெற்றார் மரியோ. ஐ.ஏ.எஸ். எழுதலாமா என்று ஒரு எண்ணம் இருந்தது. பெற்றோரோ கட்டிடக்கலை படிக்கச் சொன்னார்கள். சேர்ந்தார். மனம் ஒட்டவில்லை. வெளியே வந்துவிட்டார்.

நம் வீடுகளில் இப்படி நடந்தால் என்ன சொல்லுவோம்? "உருப்படுவானா?" என்றுதானே கேட்போம்!

விளம்பரப் படங்கள் தயாரிக்கும் ஸ்டூடியோ ஒன்றில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகு "இல்லஸ்டிரேட்டட் வீக்லி" பத்திரிகை அவருடைய படங்கள் சிலவற்றை வெளியிட்டது. முதலில் அவரை வேண்டாம் என்று சொன்ன "டைம்ஸ் ஆப் இந்தியா", பின்னால் தானே அழைத்து இடம் கொடுத்தது. எந்த ஓவியப் பள்ளியிலும் முறையாகப் படிக்காதவர் அவர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

அவர் படைத்த பாத்திரங்கள் பத்திரிகை வாசகர்கள் மத்தியில் பிரபலம். சினிமா நடிகை மிஸ் நிம்புபானி, அரசியல்வாதி பண்டல்தாஸ், ஆபீஸ் காரியதரிசி மிஸ் பொன்சேகா, அவளுடைய முதலாளி, அதே ஆபீசில் அல்லாடும் கோட்போலே. மூன்சாமி என்றும் ஒரு பாத்திரம் உண்டு. பெயரைக் கேட்டால் நம் ஊர் முனுசாமி ஞாபகம் வரும்! டைப்ரைட்டர் சத்தமும் பைல் கட்டுமாக இருந்த அந்தக் கால ஆபீசை, அதில் வேலை பார்த்த குமாஸ்தாக்களே பார்த்துச் சிரிக்கும்படி வரைந்தார்.

ஊர் சுற்றிய பேனா

கலூஸ்தே குல்பென்கியன் அறக்கட்டளையின் உதவித்தொகை கிடைத்து மரியோ போர்ச்சுக்கலுக்குப் போனார். அங்கே ஓராண்டு. அங்கிருந்து லண்டன். லண்டனில் ஐந்து ஆண்டுகள். 1974-ம் ஆண்டு அமெரிக்க அரசின் செய்தித்துறை அழைப்பின் பேரில் அமெரிக்காவையும் சுற்றிப் பார்த்தார்.

போன இடங்களில் எல்லாம் அவர் செய்த வேலை ஒன்றுதான். தெருவில் நின்று வரைவது! பாரிஸ் நகரக் காட்சிகள், பனி மூடிய ஜெர்மனி நகரங்கள், நியூயார்க் தெருக்கள் என்று ஒவ்வொரு ஊரும் அவர் கோடுகளில் வந்தது. ஜெர்மனியின் குளிர்காலத்தைப் பற்றித் தனிப் புத்தகமே உண்டு. கவிஞர் டாம் மொரேஸ் கர்நாடகத்தைச் சுற்றி எழுதிய நூலுக்கும் படம் வரைந்தவர் மரியோதான்.

வெளிநாட்டைப் பார்த்தவர்கள் ஊர் திரும்பினால் நம் ஊரைக் குறை சொல்லுவது வழக்கம். மரியோ திரும்பி வந்து பம்பாயை இன்னும் அதிகமாக வரைந்தார். பாரிசுக்கு என்ன மரியாதையோ, அதே மரியாதை இரானி ஓட்டலுக்கும் லோக்கல் ரயிலுக்கும் கிடைத்தது.

ஜன்னலுக்கு ஒரு ஆள்

கட்டிடம் கட்டுகிறவர்கள் போடும் படங்களை நம்மில் பலர் பார்த்திருப்பார்கள். மேலிருந்து பார்ப்பது போன்ற தரைப்படம், எதிரே நின்று பார்ப்பது போன்ற முகப்புப் படம், கட்டிடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம் என்று வகைகள் உண்டு. அளவு துல்லியமாக இருக்கும். ஆட்கள் இருக்க மாட்டார்கள். இருந்தாலும், கதவு எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்காக நிற்க வைத்த பொம்மையாகத்தான் இருப்பார்கள்.

மரியோ கட்டிடம் வரைந்தால் கதையே வேறு. ஓட்டை ஓடாகவும், ஜன்னல் கம்பியைக் கம்பியாகவும், படிக்கட்டுக் கைப்பிடியின் வளைவு உட்பட விடாமல் வரைவார். அந்த விஷயத்தில் அசல் கட்டிடக்காரர். பிறகு ஜன்னலுக்கு ஒரு ஆள், பால்கனிக்கு ஒரு குடும்பம், வாசலில் ஒரு நாய், கூரையில் ஒரு காக்கை என்று குடியேற்றிவிடுவார்! அவர் படத்தில் காலி வீடு அபூர்வம்.

இதைப் புரிந்துகொண்டவர் கட்டிடக்கலை மேதை சார்லஸ் கொரயா. நவி மும்பையைத் திட்டமிட்டவர்களில் ஒருவர். கோவாவின் தலைநகர் பனாஜியில் ஆற்றங்கரையில் கலா அகாடமி கட்டிடத்தை வடிவமைத்தவரும் அவர்தான். 1983-ல் அந்தக் கட்டிடம் முடிந்தது. அதன் நாடக அரங்கில் பக்கச் சுவர்களில் படம் வரையும் பொறுப்பு மரியோவுக்குக் கிடைத்தது.

மரியோ என்ன வரைந்தார் தெரியுமா? பழைய காலத்து நாடகக் கொட்டகையில் இருப்பது போன்ற மாடங்களை வரைந்தார். அந்த மாடங்களில் பார்வையாளர்களை உட்கார வைத்தார். ஆக, டிக்கெட் விற்காத நாளிலும் அந்த அரங்கில் கூட்டம் இருக்கும்! கட்டிடக்கலைப் படிப்பை உதறியவர், நாட்டின் சிறந்த கட்டிடக் கலைஞர் ஒருவரின் கட்டிடத்துக்கு உள்ளேயே தம் பங்கைச் செய்துவிட்டார்.

வி.டி.யும் ஒரு சித்திரமே!

கட்டிடத்துக்கும் ஓவியருக்கும் உள்ள உறவு பம்பாய்க்குப் புதிதல்ல. நம்மில் பலர் இந்த ஊரில் முதன்முதலாகக் காலை வைத்த இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்து, திரும்பிப் பார்த்து வாயைப் பிளந்தோமே, அந்த வி.டி. ஸ்டேஷன்! 1996-ல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆகி, 2017-ல் "மகாராஜ்" என்ற சொல்லும் சேர்ந்த அதே ஸ்டேஷன்தான்.

அதை வடிவமைத்தவர் எப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ். 1878-ல் வேலை தொடங்கி, முடிய பத்து ஆண்டுகள் ஆயின. ஆனால் 1878-லேயே, சுவர் எழும்புவதற்கு முன்பே, அந்தக் கட்டிடம் முழு உருவத்தோடு ஒரு காகிதத்தில் நின்றுவிட்டது! ஸ்டீவன்சின் திட்டத்தை வைத்து, ஆக்செல் ஹெய்க் என்ற ஓவியர் நீர்வண்ணத்தில் அதை வரைந்தார். சுவீடனில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்தவர் இவர். கட்டப்போகும் கட்டிடம் கட்டிய பின் எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டுவதில் பெரிய கெட்டிக்காரர்.

கட்டிடத்தில் உள்ள கல் சிற்பங்களில் பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்களின் கைவண்ணம் இருக்கிறது. அவசரமாக ரயிலைப் பிடிக்க ஓடும்போது இவை கண்ணில் படாது. ஒரு நாள் கால் மணி நேரம் முன்னதாகப் போய் நிமிர்ந்து பாருங்கள். 2004-ம் ஆண்டு இந்த ஸ்டேஷன் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. உலகத்து மக்கள் விமானம் ஏறி வந்து பார்க்கும் கட்டிடத்தை நாம் சீசன் டிக்கெட்டில் பார்க்கிறோம்!

எதிர்க் கட்டிடத்தில் இருவர்

வி.டி.க்கு எதிரேதான் டைம்ஸ் ஆப் இந்தியா கட்டிடம். மரியோவின் படங்களை வெளியிட்ட நிறுவனத்தில்தான் ஆர்.கே. லட்சுமணும் அரை நூற்றாண்டுக்கு மேல் கார்ட்டூன் வரைந்தார். மைசூரில் 1921-ல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர விண்ணப்பித்து, இடம் கிடைக்காமல் போனவர். கட்டம் போட்ட கோட்டும் வேட்டியுமாக அவர் வரைந்த "சாமானிய மனிதன்" இந்தியா முழுவதும் அறிந்த முகம். 2015-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி காலமானார்.

லட்சுமணின் அண்ணன் ஆர்.கே. நாராயண், மால்குடி என்ற ஊரைக் கற்பனை செய்து கதைகள் எழுதினார். எந்தத் தேசப்படத்திலும் இல்லாத அந்த ஊருக்குத் தம்பி சித்திரம் போட்டார். படித்தவர்களுக்கு அந்த ஊர் எவ்வளவு நிஜமாகிவிட்டது என்றால், அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் கதைகளில் வரும் குறிப்புகளை வைத்தே மால்குடிக்கு வரைபடம் தயாரித்துவிட்டார்!

இல்லாத ஊருக்கு வரைபடம் கிடைத்தது. இருக்கிற ஊரில் வாழும் நமக்கு?

வரைபடத்தில் நம் வீடு

வரைபடம் என்றால் ஏதோ பள்ளிக்கூடப் பூகோளப் பாடம் என்று நினைக்க வேண்டாம். நில அளவைக்காரர் கோட்டை எங்கே போடுகிறாரோ, அங்கேதான் பலருடைய தலையெழுத்து இருக்கிறது. 1865 முதல் 1872 வரை பம்பாயை அளந்தவர் லாட்டன் என்ற ராணுவ அதிகாரி. யார் நிலம் எதுவரை என்று தெரிந்து வரி விதிப்பதற்கு அந்த அளவை உதவியது. அவர் போட்ட அளவை இன்றும் நிலத் தகராறுகளில் கோர்ட்டு வரை பேசப்படுவது உண்டு.

நம் தாராவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் கோலி மீனவர்களின் கிராமமாக இருந்த இடம். அங்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தோல் பதனிட்டார்கள். சவுராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் சூளை போட்டார்கள். சதுப்பு நிலத்தை மேடாக்கி ஒரு நகரத்தையே எழுப்பினார்கள். வரைபடத்தில் பார்த்தால் இந்த உழைப்பு தெரியாது. நெருக்கமான சிறு கட்டங்கள்தான் தெரியும்.

2024-ம் ஆண்டு மார்ச் மாதம் தாராவி மறுசீரமைப்புக்காகக் கணக்கெடுப்பு தொடங்கியது. சந்து சந்தாக அளந்து, வீட்டுக்கு வீடு எண் போட்டார்கள். 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்த வீடுகளுக்கு, தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்பது திட்டம். மேல்மாடியில் குடியிருப்பவர், பின்னால் வந்தவர் கதை வேறு. எந்தச் சந்தில், எந்தக் கதவில், எப்போதிலிருந்து என்ற கேள்விக்குப் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும்.

அதற்கு ஓவியம் சாட்சி ஆகாது. ரேஷன் கார்டும் மின்சாரப் பில்லும்தான் வேண்டும். அவற்றைப் பத்திரமாக வையுங்கள். ஆனால், வீடு கிடைத்த பிறகும் ஒன்று போய்விடும். குழாயடி, கோவில் திண்ணை, இட்லிக்கடை, வாசலில் கட்டில் போட்டுப் படுத்த தாத்தா. இவற்றுக்கு எந்தச் சர்வேயிலும் எண் கிடையாது. லோயர் பரேலில் பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று நிற்பது பெரிய கடை வளாகம். சங்கு ஊதியதும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்த தொழிலாளர்களை, அங்கே துணி வாங்க வரும் பிள்ளைகள் எங்கே பார்ப்பார்கள்?

மரியோ போன்றவர்களின் படங்களுக்கு மதிப்பு கூடுவது இங்கேதான். சர்வேக்காரர் சுவரைப் பதிவு செய்தார். மரியோ அந்தச் சுவருக்குள் யார் இருந்தார்கள் என்பதையும் பதிவு செய்தார்.

லூட்டோலிம் வீடு

கடைசிக் காலத்தில் மரியோ லூட்டோலிம் கிராமத்துக்கே திரும்பிவிட்டார். அவருடைய பரம்பரை வீடு 300 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது என்பார்கள். ஷியாம் பெனகல் எடுத்த "திரிகால்" என்ற இந்திப் படம் 1985-ல் வந்ததே, அதன் கதை நடக்கும் வீடு இந்த வீடுதான். பழைய வீடு, அதன் பெரிய கூடம், அதில் வாழ்ந்த மனிதர்கள் என்று ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லும் படம் அது.

1988-ல் பத்மஸ்ரீ, 2002-ல் பத்மபூஷண் விருதுகள் மரியோவைத் தேடி வந்தன. 2011-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி அதே வீட்டில் காலமானார். வயது 85. மறு ஆண்டு பத்மவிபூஷண் விருது, மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

அவர் வரைந்தவை பல பத்திரிகைகளில், பல வீடுகளில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடிச் சேர்த்துப் புத்தகமாகவும், கோவாவின் போர்வோரிமில் காட்சிக்கூடமாகவும் ஆக்கியவர் ஜெரார்டு டா குன்யா. இவர் தொழில் என்ன என்று நினைக்கிறீர்கள்? இவரும் கட்டிடக் கலைஞர்தான்! மரியோ விட்டாலும் கட்டிடக்கலை மரியோவை விடவில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

"இதெல்லாம் பெரிய ஓவியர்கள் சமாசாரம். நமக்கு நேர்க்கோடே வராது" என்று சிலர் சொல்லலாம். மரியோவின் கோடும் எப்போதும் நேராக இருந்ததில்லை. அவர் கட்டிடங்கள் பல, நின்ற இடத்திலேயே கொஞ்சம் ஆடுவது போலத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு நோட்டில் உங்கள் சாலை, அல்லது நகரையோ சந்தையோ மேலிருந்து பார்ப்பது போல வரையுங்கள். குழாய் எங்கே, கோவில் எங்கே, எந்த வீட்டில் யார், அவர்களுக்கு எந்த ஊர், எந்த ஆண்டு வந்தார்கள் என்று கட்டத்துக்குள் எழுதுங்கள். தெரியாததை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பாட்டிக்குச் சந்து முழுவதும் மனப்பாடமாக இருக்கும்! மூலையில் ஒரு டீக்கடை இருந்தால் அதையும், அங்கே தினமும் நிற்கும் ஆளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருக்கும் உறவினருக்குக் கடிதம் எழுதும்போது அந்தப் படத்தின் நகல் ஒன்றையும் அனுப்புங்கள். "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்கும் அம்மாவுக்கு, முகவரியைவிட அது நன்றாகப் புரியும்.

படத்தின் கீழே தேதி போட மட்டும் மறக்க வேண்டாம்.